போதிதருமர் சரித்திரமும் அவரைச் சூழ்ந்த கதைகளும்



பௌர்ணமிக் கூட்டம் ஒன்றில் உபதேசம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் எழுந்து, போதிதருமர் நம் தமிழர்தாமே, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தாமே என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் பெருமிதம் பொங்கிற்று. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றின் வாயிலாகவே அவர் போதிதருமரை அறிந்திருந்தார். ஆம் என்று நான் சொல்லியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். ஆனால், வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நமக்கு இனிக்கிறது என்பதற்காகவோ ஒன்றை ஆராயாமல் நம்பலாகாது என்பது பகவான் புத்தர் காலாமருக்குப் போதித்த நெறி. பிறர் சொன்ன பழங்கதைகளை அந்நெறியால் அளந்து தள்ளிவிட்டுத் திரிசரணம் புகுந்தவர்கள் நாம். நமக்குப் பிடித்த கதையை மட்டும் அளக்காமல் விடுவது நேர்மையாகுமா? ஆகவே அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதலானேன்.

பழைய ஏடுகள் கூறுவன

போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547-ஆம் ஆண்டை ஒட்டி யாங் சுவான்-சி என்னும் சீன அலுவலர் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. அந்நகரில் யுங்நிங் என்னும் விகாரை 516-இல் எழுப்பப்பட்டு 534-இல் தீக்கிரையாயிற்று. அதன் வானளாவிய கோபுரத்தைக் கண்டு வியந்து, கைகூப்பியபடி பல நாள் போற்றி நின்ற முதிய துறவி என்றே போதிதருமர் அந்நூலில் தோன்றுகிறார். தமக்கு வயது 150 என்று அவர் கூறினாராம். அவருடைய நாடு பாரசீகம் என்று அந்நூல் குறிக்கிறது.

இரண்டாவது சான்று தான்லின் என்னும் துறவி எழுதியது. போதிதருமரின் உபதேசத்தைக் கூறும் சிறு நூல் ஒன்றுக்கு அவர் முன்னுரை வரைந்தார். அதில், ஆசிரியர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர், பேரரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று காணப்படுகிறது. மூன்றாவது சான்று, 645-இல் தாவ் சுவான் என்னும் துறவி தொகுத்த பிக்குகளின் வரலாறு. அது அவரைத் தென்னிந்தியப் பிராமண குலத்தவர் என்கிறது.

இவற்றுக்கெல்லாம் மிகப் பிற்பட்டு, 1004-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தியான மரபு வரலாறு ஒன்று, அவர் தென்னிந்தியாவில் சியாங்சி என்னும் நாட்டரசனின் மகன் என்று கூறுகிறது. சியாங்சி என்பது காஞ்சியே என்று இக்காலத்தார் சிலர் கொள்கின்றனர். அப்படியும் இருக்கலாம். ஆயினும், 7-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாடு வந்த யுவான் சுவாங், காஞ்சியில் பிறந்த தருமபாலரைப் பற்றி எழுதுகிறாரே அன்றிப் போதிதருமரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நம் நாட்டுப் பழைய நூலிலோ கல்வெட்டிலோ அவர் பெயர் காணப்படவில்லை.

எனவே, அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சான்றுகள் இரண்டு உள; பாரசீகர் என்பதற்கு ஒன்று உளது; காஞ்சிக்குப் பிற்காலச் சான்று ஒன்றே, அதுவும் ஊகத்தால் பெறப்படுவது. பல்லவ இளவரசர் என்பதற்கு ஏதும் இல்லை. இதுவே என் அறிவுக்கு எட்டிய நேர்மையான விடை.

இங்கே வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் ஏடு அவரைப் பிராமணர் ஆக்கிற்று. ஓர் ஏடு அரசன் மகன் ஆக்கிற்று. உழவன் மகன் என்றோ நெசவாளி மகன் என்றோ எந்த ஏடும் எழுதவில்லை. பெரியவர் என்றால் பெருங்குடியிற் பிறந்தவராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்டு எழுத்தாளரையும் விடவில்லை போலும்.

அவர் போதித்தது

போதிதருமர் கடல் வழியாகத் தென் சீனத்தை அடைந்து, பின்னர் வடக்கே வேய் அரசர் ஆண்ட நாட்டுக்குச் சென்றார் என்று ஏடுகள் கூறுகின்றன. குவாங்சௌ நகரில் அவர் கரையேறிய இடம் இது என்று ஹுவாலின் விகாரையை இன்றும் காட்டுகின்றனர். வடநாட்டில் அவருக்கு வாய்த்த சீடர் மிகச் சிலர். அவருள் தலையாயவர் ஹுய்கெ. ஆசிரியர் அவருக்கு இலங்காவதார சூத்திரத்தை அளித்தார் என்பர்.

தான்லின் காத்த சிறு நூல், தருமத்தினுள் புக வாயில்கள் இரண்டு என்கிறது. ஒன்று அறிவால் புகுவது. உயிர்கள் அனைத்துக்கும் உள்ள மெய்த்தன்மை ஒன்றே என்று தெளிந்து, மனத்தைச் சுவர்போல் அசையாது நிறுத்துவது அது. மற்றொன்று ஒழுக்கத்தால் புகுவது. அவ்வொழுக்கம் நான்கு: துன்பம் வரும்போது பழம்வினை என்று எண்ணிப் பகை கொள்ளாதிருத்தல், இன்பமும் துன்பமும் காரணங்களால் வந்து போவன என்று அறிந்து நிலைகுலையாதிருத்தல், எதையும் நாடி அலையாதிருத்தல், தருமத்தோடு பொருந்த நடத்தல்.

முதல் ஒழுக்கம் நம்மவர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். பழம்வினை என்று சொல்லிச் சொல்லியே நம் முன்னோரைச் சேரியில் இருத்தினார்கள். முற்பிறவி வினையைக் காட்டி ஏழையின் துயருக்கு ஏழையையே பொறுப்பாக்குவதை அண்ணல் அம்பேத்கர் கண்டித்தார். நான் இதைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். போதிதருமர் இதைச் சொன்னது, துறவு பூண்டு தன் உள்ளத்தின் கசப்பை வெல்ல முயலும் சீடனுக்கு. தன்னைத் தானே பார்த்துச் சொல்லிக்கொண்டால் அது மருந்து. மற்றவனைப் பார்த்துச் சொன்னால் அது விலங்கு. இந்த வேறுபாட்டை நாம் ஒருபோதும் மறத்தலாகாது.

நிற்க. மெய்யென்று ஓரளவு கொள்ளக்கூடிய சரித்திரம் இவ்வளவே. இந்தச் சிறு விதையிலிருந்து சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் எத்தனை கதைகள் முளைத்தன, எத்தனை ஓவியங்கள் பூத்தன என்பதை இனிக் காண்போம்.

அரசனும் ஆற்று நாணலும்

தென் சீனத்தில் 502 முதல் 549 வரை லியாங் அரசன் வூ ஆண்டான். அவன் பௌத்தத்தில் பெரும்பற்றுடையவன். விகாரைகள் பல எழுப்பியவன். அவன் போதிதருமரை அழைத்து, தான் கட்டிய விகாரைகளாலும் எழுதுவித்த சூத்திரங்களாலும் தனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்தது என்று வினவினான் என்றும், சிறிதும் இல்லை என்று அவர் விடையிறுத்தார் என்றும் கதை கூறுகிறது. இக்கதை 6, 7-ஆம் நூற்றாண்டு ஏடுகளில் இல்லை. 8-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றுகிறது. அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிற்பட்டது.

கதை பொய்யாயினும் கருத்து பொய்யன்று. பெயர் பொறித்த கல்லுக்காகத் தானம் செய்பவர் எல்லா நாட்டிலும் உளர். வூ அரசனும் இறுதியில் பகைவனால் முற்றுகையிடப்பட்டு, தன் அரண்மனையிலேயே சிறைப்பட்ட நிலையில் மாண்டான். அவன் எழுப்பிய கோபுரங்கள் அவனைக் காக்கவில்லை.

அரசனை விட்டு நீங்கிய போதிதருமர், ஒரு நாணல் தண்டின்மேல் நின்று யாங்சி ஆற்றைக் கடந்தார் என்பது அடுத்த கதை. முற்பட்ட ஏடுகள் ஆற்றைக் கடந்தார் என்று மட்டுமே கூறும். ஒரு நாணல் என்னும் பழஞ்சீன வழக்குக்கு நாணற்கட்டால் ஆகிய ஓடம் என்று பொருள் கூறுவோரும் உளர். ஆனால் ஓவியருக்கு ஓடம் வேண்டியிருக்கவில்லை, அற்புதமே வேண்டியிருந்தது. சீனரின் தாவோ சமயக் கதைகளில் சித்தர் எண்மர் தத்தம் கைப்பொருள்களின்மேல் ஏறிக் கடலைக் கடக்கின்றனர். அச்சித்தர்களைத் தீட்டிப் பழகிய நாட்டில் போதிதருமரும் அலைமேல் நடக்கலானார். தெஹுவா என்னும் ஊரின் வெண்பீங்கான் சிற்பி ஹே சாவ்சுங் செய்த உருவம் புகழ்பெற்றது. அலைகள் சுருண்டெழ, ஆடை காற்றில் மடிந்து பறக்க, முகம் மட்டும் அசையாத துறவியை அவர் வெண்மண்ணில் வடித்தார்.

அம்முகத்தைக் கூர்ந்து பாருங்கள். திரண்ட புருவம், பெரிய விழி, அடர்ந்த தாடி, காதில் வளையம். சீனர் அவரைத் தம்முள் ஒருவராகத் தீட்டவில்லை. தொலைநாட்டு மனிதராகவே தீட்டினர். நீலவிழி அயலான் என்று அவரை அழைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அயலான் என்று அறிந்தே அவரை ஆசிரியராக ஏற்றனர். இது அந்நாட்டார்க்குப் பெருமை தருவது.

சுவரும் கண்ணிமையும்

சுங் மலையில் ஷாவோலின் விகாரைக்கு அருகே, குகையில் அவர் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது யாவரும் அறிந்த கதை. மனத்தைச் சுவர்போல் நிறுத்துக என்ற உபதேசமே, நாளடைவில் சுவர் முன் அமர்ந்த உருவமாக மாறிற்று என்று கருத இடமுண்டு. உவமை ஒன்று கல்லாகவும் குகையாகவும் ஆயிற்று.

அப்படி அமர்ந்திருக்கையில் உறக்கம் வந்ததாம். சினந்து தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம். இது ஜப்பானில் பெரிதும் வழங்கும் கதை. சீனரோ அவர் வருவதற்கு முன்பே தேநீர் அருந்தி வந்தனர். தியானத்தில் உறங்காதிருக்கப் பிக்குகள் தேநீர் பருகிய பழக்கத்துக்குப் பிறப்புக் கதை தேவைப்பட்டது. அதற்குப் போதிதருமர் அகப்பட்டார். ஷாவோலின் பிக்குகளின் போர்க்கலையை அவர் தலையில் ஏற்றியதும் இவ்வாறே. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் தசைநார்ப் பயிற்சி நூல், அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1624-இல் எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு.

வெட்டுண்ட கை

இனிக் கூறுவதே எனக்கு முதன்மையாகத் தோன்றுவது. ஹுய்கெ சீடராக வேண்டிப் பனியில் இரவெல்லாம் நின்றார் என்றும், ஆசிரியர் திரும்பிப் பாராமையால் தம் இடக்கையை வெட்டி அவர்முன் வைத்தார் என்றும், அதன்பின்பே ஏற்கப்பட்டார் என்றும் கதை உண்டு. ஜப்பானிய ஓவியப் பேராசான் செஸ்ஷூ 1496-இல், தம் 77-ஆம் வயதில், இதனைத் தீட்டினார். ஏறத்தாழ ஆறரை அடி உயரமுள்ள அவ்வோவியம் அய்ச்சி மாவட்டத்துச் சைனென்ஜி என்னும் விகாரைக்கு உரியது. கரடுமுரடான குகைப் பாறை கண்கள்போல் துளைபட்டு நிற்கிறது. போதிதருமர் வெண்ணிற ஆடைக்குள் ஒரே கோட்டில் மலைபோல் அமர்ந்திருக்கிறார். கீழ் மூலையில் ஹுய்கெ, அறுந்த கையை ஏந்தி நிற்கிறார். வெட்டுவாயில் மெல்லிய சிவப்பு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதைக் கலைச்செல்வம் என்று போற்றுவதில் தவறில்லை.

ஆனால் 645-இல் எழுதிய தாவ் சுவான் வேறொன்று கூறுகிறார். ஹுய்கெ தம் கையைத் தாமே வெட்டவில்லை, கள்வர் வெட்டினர். அவர் தருமத்தால் மனத்தை அடக்கி, காயத்தைத் தீயால் சுட்டுக் குருதியை நிறுத்தி, துணியால் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் பிச்சைக்குச் சென்றார், யாரிடமும் சொல்லவில்லை. பின்னர்த் தான்லினும் கள்வரிடம் கை இழந்தார். முன்னர்க் குறித்த முன்னுரையை எழுதிய தான்லின் இவரே என்பர். அவர் இரவெல்லாம் கதறினார். ஹுய்கெ அவர் காயத்தைக் கட்டி, பிச்சை எடுத்து வந்து ஊட்டினார். ஹுய்கெயின் கை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தான்லின் சினந்தார். உணவு முன்னே இருக்கிறதே, நீரே எடுத்து உண்ணலாமே என்றார் ஹுய்கெ. எனக்குக் கை இல்லை என்று அறியீரோ என்று தான்லின் கேட்க, எனக்குந்தான் இல்லை, இதில் சினம் எதற்கு என்று அமைதியாகக் கூறினார். அப்பொழுதே தான்லினுக்கு உண்மை தெரிந்தது.

நான் ஆலைத் தொழிலாளியாக இருந்தவன். என்னோடு வேலை செய்த ஒருவர் கார்டிங் பொறியில் கை இழந்த நாளில் அருகில் நின்றேன். அந்தக் கதறல் இன்றும் என் காதில் உள்ளது. ஆகவே, கையை வெட்டிக் காணிக்கை வைப்பதே பக்தி என்று போதிக்க என் வாய் எழவில்லை. பகவான் உடலை வருத்தும் தவத்தை ஆறு ஆண்டுகள் செய்து பார்த்துக் கைவிட்டவர். பின்னாளைய கதை சீடனின் உறுதியை உயர்த்த எண்ணி, ஆசிரியரைக் கல்நெஞ்சர் ஆக்கிவிட்டது. பழைய செய்தியில் அற்புதம் ஒன்றும் இல்லை. கை இழந்த ஒருவர் கை இழந்த மற்றொருவருக்குச் சோறு ஊட்டுகிறார். போதிதருமரின் உபதேசம் சீடனின் வாழ்வில் என்னவாயிற்று என்று அறிய இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டுவதில்லை.

ஒற்றைச் செருப்பு

போதிதருமரின் இறுதியைப் பற்றியும் கதை உண்டு. பொறாமை கொண்டோர் நஞ்சிட்டனர். அவர் இறந்தபின் வேய் நாட்டுத் தூதர் சோங் யுன் மேற்கு மலைவழியில் அவரைக் கண்டார். அவர் ஒற்றைச் செருப்பைக் கையில் தாங்கித் தாயகம் சென்றுகொண்டிருந்தார். கல்லறையைத் திறந்தபோது மற்றொரு செருப்பே இருந்தது என்பர். ஆனால் சோங் யுன் 518-இல் புறப்பட்டு 522 வாக்கிலேயே நாடு திரும்பிவிட்டார். போதிதருமர் மறைந்ததாக மரபு கூறும் ஆண்டுகளோ 528, 536 என அதற்குப் பிற்பட்டவை. கணக்கு ஒத்துவரவில்லை. தாவோ சமயத்தார் தம் சித்தர்கள் வெற்றுப் பெட்டியில் செருப்பையோ கோலையோ விட்டு மறைந்தனர் என்று கூறுவது வழக்கம். அந்த அச்சிலேயே இக்கதையும் வார்க்கப்பட்டது. ஆயினும், அயல்நாட்டில் உழைத்த முதியவர் கடைசியில் தம் ஊருக்கு நடந்து போகட்டும் என்று சீனர் விரும்பினரே, அந்த அன்பை நான் மதிக்கிறேன்.

கொரியாவும் ஜப்பானும்

கொரிய நாட்டார் அவரைத் தல்மா என்பர். 17-ஆம் நூற்றாண்டில் கிம் மியோங்-குக் என்னும் ஓவியர், 1636-இலும் 1643-இலும் தூதுக்குழுவோடு ஜப்பான் சென்றவர், சில தூரிகை வீச்சுகளிலேயே அவர் முகத்தையும் ஆடையையும் தீட்டினார். அவ்வோவியம் இன்று கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கே ஆறும் இல்லை, குகையும் இல்லை; உற்றுநோக்கும் முகம் ஒன்றே. தீயன அண்டா என்று அம்முகத்தை வீட்டில் மாட்டும் வழக்கமும் பின்னர் எழுந்தது. சிந்திக்கத் தூண்டிய முகம் திருஷ்டி கழிக்கும் முகமாயிற்று.

ஜப்பானியர் அவரைத் தம் நாட்டுக்கே வரவழைத்துவிட்டனர். 613-இல் இளவரசர் ஷோதோகு, கதாஒகா என்னுமிடத்தில் பசியால் வீழ்ந்து கிடந்த ஓர் ஏழைக்கு உணவும் தம் மேலாடையும் அளித்தார் என்று 720-இல் முடிந்த அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. அவ்வேழை இறந்தபின் கல்லறையில் உடல் இல்லை. ஆடை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஏழை போதிதருமரே என்று பிற்காலத்தார் கொண்டனர். சீனத்தில் செருப்பு எஞ்சியது. ஜப்பானில் ஆடை எஞ்சியது. ஆனால் சீனக் கதையில் அவர் அரசன் முன் நிற்பவர். ஜப்பானியக் கதையில் அவர் தெருவோரத்தில் கிடக்கும் பசித்தவர். இவ்விரண்டில் எது நமக்கு அணுக்கமானது என்று சொல்லவும் வேண்டுமோ?

ஹகுயின் என்னும் தியான ஆசிரியர் (1686–1769) உருண்டு திரண்ட விழிகளோடு அவரைப் பலமுறை தீட்டினார். பொதுமக்களோ அவரைப் பொம்மை ஆக்கினர். ஒன்பது ஆண்டு அமர்ந்ததால் கால்கள் அற்றுப்போயின என்ற கதைப்படி, தாருமா என்னும் அப்பொம்மைக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. காகிதக் கூழால் செய்து, அடியில் பாரம் வைப்பர். சாய்த்தால் உடனே நிமிரும். நம் தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மையைச் சிவப்பு விலக்கும் என்னும் நம்பிக்கையால் சிவப்பு வண்ணம் பூசுவர். ஒரு செயலை எண்ணித் தொடங்கும்போது ஒரு கண்ணை எழுதி, முடிந்தபின் மறு கண்ணை எழுதுவர்.

1783-இல் அசாமா எரிமலை வெடித்தது, பஞ்சம் சூழ்ந்தது. அப்போது தக்காசாகியின் ஷோரின்சான் விகாரைத் துறவி, நொந்துபோன உழவருக்கு இப்பொம்மை செய்யும் அச்சைக் கொடுத்துப் பிழைக்க வழிகாட்டினார் என்று அவ்வூரார் கூறுவர். பொம்மையை வழிபட்டால் அது மூடநம்பிக்கை. ஆனால் பொம்மை செய்து பசி தீர்ந்தது என்றால் அது கருணை.

நமக்கு உரியது எது?

சீனர் தம் சித்தர்களின் ஆற்றலை அவருக்குத் தந்தனர். கொரியர் காவல் காக்கும் விழியைத் தந்தனர். ஜப்பானியர் விழுந்தாலும் எழும் உறுதியைத் தந்தனர். தமிழராகிய நாமோ, இந்நூற்றாண்டில், அவருக்குப் பல்லவக் கிரீடத்தைத் தருகிறோம். ஒவ்வொரு நாடும் தனக்கு எது குறைவோ அதை அவர்மேல் ஏற்றிக்கொள்கிறது. கிரீடம் சூட்டும் நம் குறை என்ன? பிறப்பால் தாழ்ந்தவர் என்று சொல்லிச் சொல்லி நம்மைக் குனிய வைத்தனர்; அதற்கு மாற்றாகப் பிறப்பால் உயர்ந்த ஒருவரை நம் குலத்தில் தேடுகிறோம். அந்தத் தவிப்பு எனக்கு விளங்காமல் இல்லை. என் இளமையில் எனக்கும் அது இருந்தது. ஆயினும் பிறப்பால் உயர்வில்லை என்று தீக்கை ஏற்ற நாம், போதிதருமரைப் பிறப்பாலேயே உயர்த்தினால், விட்டுவந்த வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள் ஆவோம்.

அந்த இளைஞருக்கு நான் சொல்வது இதுவே. தம்பி, அவர் தென்னாட்டவராக இருத்தல் கூடும். அதில் நீ மகிழலாம். ஆனால் அவர் தமிழர் அல்லர் என்று நாளையே ஒரு சான்று கிடைத்தாலும், மனத்தைச் சுவர்போல் நிறுத்துக என்ற உபதேசத்தில் ஓர் எழுத்தும் குறையாது. திரைப்படத்தில் நீ கண்ட வீரனை மறக்கச் சொல்லவில்லை. அவனுக்கு அருகில், கை இழந்த இரு துறவிகளையும் உன் மனத்தில் வரைந்து வை. ஒருவர் வலியால் சினக்கிறார். மற்றவர் தம் வலியைச் சொல்லாமல் சோறு ஊட்டுகிறார். செஸ்ஷூவோ ஹகுயினோ அதைத் தீட்டியதாக நான் அறியேன். நம் சங்கத்துப் பிள்ளைகளுள் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் அதைத் தீட்டித் தந்தால், நம் கூடத்துச் சுவரில் பகவானின் படத்துக்குக் கீழே அதை மாட்டுவோம்.